பென்சில் போன தூரம்

கிளம்புவதற்கு முந்தைய இரவு

கட்டில் முழுக்க இரும்பு பரப்பிக் கிடக்கிறது. நாளை விடியற்காலை விமானம். மூன்று நாள் கைத்துப்பாக்கிச் சுடும் போட்டி, பதினைந்து ஸ்டேஜ், அதாவது பதினைந்து தனித்தனிச் சுற்று. அதற்காக இரண்டு பெட்டியும் ஒரு முதுகுவலியும்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு: ஒரே இடத்தில் நின்று, மூச்சடக்கி, வட்டக் குறியைச் சுடும் விளையாட்டு இல்லை இது. ஓட வேண்டும், மறைப்புச் சுவர்களுக்குப் பின்னாலிருந்து எட்டிச் சுட வேண்டும், ஓடுகிற ஓட்டத்திலேயே மேகசின் மாற்ற வேண்டும். வாங்கிய புள்ளியை எடுத்துக்கொண்ட வினாடியால் வகுத்தால் வருவது ஹிட் ஃபாக்டர். அதை வைத்துத்தான் எல்லாம். மெதுவாகச் சுட்டு முழுப் புள்ளி வாங்குகிறவனும் தோற்பான், வேகமாகச் சுட்டுக் கோட்டை விடுகிறவனும் தோற்பான்.

நான் சுடுவது புரொடக்‌ஷன் பிரிவில். பெயரே சொல்கிறதே, கம்பெனி செய்து விற்ற துப்பாக்கியைப் பெரிதாகக் கை வைக்காமல் சுட வேண்டும். காம்பன்சேட்டர் (குழல் துள்ளாமல் அடக்கும் முனைப்பாகம்) கூடாது, ரெட் டாட் (ஒளிப்புள்ளி காட்டும் குறிக்கண்ணாடி) கூடாது, தொடக்க ஒலியின்போது மேகசினில் 15 தோட்டாவுக்கு மேல் கூடாது. ஆனால் கை அரிக்கத்தானே செய்யும்? அனுமதித்த எல்லைக்குள் எல்லாரும் எதையாவது நோண்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். என்னுடையது சி.இசட். 75 வழிவந்த முழு எஃகுப் பிஸ்டல். மெலிந்த அலுமினியப் பிடி போட்டிருக்கிறேன். முன்குறியில் சிவப்பு ஃபைபர் இழை. அப்புறம் பத்து நாளைக்கு முன்னால் இன்னொன்றும் செய்தேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

அக்கா போன் செய்தாள். சொந்த அக்கா இல்லை. துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது என்பதிலிருந்து எனக்குச் சொல்லிக்கொடுத்தவள். அவள் ஓப்பன் பிரிவு, இந்த மாற்றங்களுக்கெல்லாம் இடம் கொடுக்கும் பிரிவு. காம்பன்சேட்டர், ரெட் டாட் என்று அவள் பிஸ்டலைப் பார்த்தால் ராக்கெட்டுக்குக் கைப்பிடி வைத்ததுபோல் இருக்கும்.

“கடைசி நேரத்துல எதையாச்சும் மாத்துனியா?”

“இல்லக்கா.”

“திருகு எல்லாத்துக்கும் கோடு போட்டியா?”

அதைப் போட்டிருந்தேன். பிடியின் திருகுகளை நீல திரெட்லாக்கர் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) வைத்து இறுக்கி, திருகின் தலையிலிருந்து பிடிவரை பெயின்ட் பேனாவால் ஒரு மெல்லிய கோடு. திருகு தளர்ந்தால் கோடு இரண்டாக முறியும். கண்ணாலேயே தெரிந்துவிடும். அதைச் சொன்னதும் அவளுக்கு நிம்மதி. எனக்குத்தான் இல்லை.

நாள் 1

விமானத்தில் துப்பாக்கி கொண்டுபோவது பற்றிப் பலர் கேட்கிறீர்கள். காலித் துப்பாக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டி, செக்-இன் கவுன்டரில் வாயைத் திறந்து சொல்வது, கையில் அனுமதிக் காகிதங்களின் நகல் மூன்று செட். காத்திருக்கப் பொறுமை நான்காவது செட். தோட்டாவுக்கு ஆளுக்கு 5 கிலோதான் வரம்பு. 9 மி.மீ. தோட்டா ஒன்று ஏறத்தாழ 12 கிராம் என்றால் சுமார் 400 வரும். போட்டிக்கு அது போதும், ஆனால் நான் சுடுவது வீட்டில் நானே நிரப்பிய தோட்டா. நாங்கள் போகும் விமானத்தில் ஆலைத் தோட்டாவை மட்டுமே ஏற்பார்கள். அதனால் போகிற இடத்திலேயே வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு.

இந்த வரியை எழுதும்போதுகூட எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

துப்புரவுக் கரைப்பானையும் அங்கேதான் வாங்க வேண்டும். தீப்பற்றும் திரவத்துக்கு விமானத்தில் இடமில்லை. வேறொன்றும் சொல்லிக்கொள்ளும்படி நடக்கவில்லை. தூங்கினேன்.

நாள் 2

ரேஞ்சுக்குள் நுழைந்ததும் பெரிய பேனர். அதில் டி.வி.சி. என்று மூன்றெழுத்து. லத்தீனில் துல்லியம், வலிமை, வேகம். 1976-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் ஜெஃப் கூப்பர் தலைமையில் இந்த விளையாட்டை நடத்தும் ஐ.பி.எஸ்.சி. என்ற உலக அமைப்பு உருவானதிலிருந்து இந்த விளையாட்டு இந்த மூன்று சொல்லைத்தான் கும்பிடுகிறது. “சுடும்போது சுட வேண்டும்” என்பதற்கு லத்தீனில் ஒரு சொல் இருந்தால் நான்காவதாகச் சேர்த்திருக்கலாம்.

இன்று கருவிச் சோதனை. புரொடக்‌ஷனில் விசை (ட்ரிகர்) மிக லேசாக இருக்கக் கூடாது. என்னுடையதைப் போன்ற துப்பாக்கியில் சுத்தியலை, அதாவது தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் பாகத்தை, கீழே இறக்கி வைத்துத்தான் தொடங்க வேண்டும். முதல் வெடி டபுள் ஆக்‌ஷன், அதாவது விசையே சுத்தியலைப் பின்னால் தள்ளி விடவும் வேண்டும். அந்த முதல் இழுவை குறைந்தது 2.27 கிலோ இருக்க வேண்டும். எடைக்கட்டியை விசையில் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். சுத்தியல் விழுந்துவிட்டால் சிக்கல்.

இனி அந்தப் பத்து நாள் முந்தைய விஷயம். என் துப்பாக்கியின் முதல் இழுவை மூன்றரைக் கிலோ இருந்தது. பிடிக்குள் இருக்கும் சுத்தியல் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு மெலிந்த ஒன்றைப் போட்டேன். இரண்டரைக் கிலோவாக இறங்கியது. வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி. விதிக்கும் உட்பட்டது. வீட்டில் என் சொந்தத் தோட்டாவில் முந்நூறு சுட்டேன், ஒன்றுகூடப் பொய்க்கவில்லை. பழைய ஸ்பிரிங்கை மேசை இழுப்பறைக்குள் போட்டேன். அது இப்போது அங்கேதான் இருக்கிறது, கடல் தாண்டி.

எடைக்கட்டி தொங்கியது. சுத்தியல் விழவில்லை. தேறினேன்.

அடுத்து குரோனோகிராஃப், குண்டின் வேகத்தை அளக்கும் கருவி. என் பையிலிருந்து எட்டுத் தோட்டாக்களை அவர்களே எடுத்தார்கள். ஒன்றைப் பிரித்துக் குண்டை நிறுத்தார்கள், 124 கிரெயின், நம் கணக்கில் 8 கிராம். மற்றதில் சிலவற்றை என் துப்பாக்கியிலேயே சுட்டு வேகம் பார்த்தார்கள், சராசரி வினாடிக்கு 1,075 அடி. எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 133.3. இதுதான் பவர் ஃபாக்டர். என் பிரிவு மைனர், அதாவது குறைந்த வலுத் தரம், அதற்கு 125 வேண்டும். அதற்குக் கீழே போனால் சுடலாம், ஆனால் புள்ளி கிடையாது. ஊரெல்லாம் கடந்து வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போகலாம். அக்காவுக்கு ஓப்பன் மேஜர், அதாவது உயர்ந்த வலுத் தரம், 160 வேண்டும். அவளுக்கு 168 வந்தது.

மேஜரின் லாபம் இதுதான்: குறியின் நடு ஏ பகுதியில் பட்டால் எல்லாருக்கும் 5. சற்றுத் தள்ளி சி-யில் பட்டால் மேஜருக்கு 4, எனக்கு 3. ஓரத்து டி-யில் அவளுக்கு 2, எனக்கு 1. புரொடக்‌ஷனில் எவ்வளவு வலுவான தோட்டா போட்டாலும் மைனர்தான். அதனால் எங்கள் பிரிவில் சோம்பேறித்தனமாகச் சுட முடியாது.

மாலையில் பாதுகாப்புப் பகுதியில் பெட்டியைத் திறந்தால் முன்குறியின் ஃபைபர் இழையைக் காணோம். பயணத்தில் கழன்று விழுந்திருக்கிறது. ஒரு அங்குல இழையை வெட்டி, ஒரு முனையை லைட்டரால் காட்டி உருக்கிக் காளான் மாதிரி ஆக்கி, துளையில் நுழைத்து, மறுமுனையையும் உருக்கினேன். ஐந்து நிமிட வேலை. உருகும்போது தீயைத் தொடவிடக் கூடாது, பக்கத்தில் காட்டினாலே போதும். தொட்டால் கருகி ஒளி செத்துவிடும்.

துப்பாக்கிகளை ரேஞ்சின் ஆயுத அறையில் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினோம்.

நாள் 3

நீளமான பதிவு. இன்று பட்டதை முழுசாகச் சொல்லியாக வேண்டும்.

முதல் ஸ்டேஜ் நன்றாகவே போனது. இரண்டாவது, எட்டுக் காகிதக் குறி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு. “ஸ்டாண்ட்பை.” பீப். கை இறங்கியது, துப்பாக்கி வெளியே வந்தது, முன்குறி இழையின் சிவப்புப் புள்ளி ஏ-யின் நடுவில் உட்கார்ந்தது, விசையை இழுத்தேன்.

டிக்.

அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். வெடிச் சத்தத்தைவிட அதுதான் காதைப் பிளக்கும். மேகசின் அடியைத் தட்டி, துப்பாக்கியின் நகரும் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து விட்டு, மறுபடி சுட்டேன். அதற்குள் இரண்டரை வினாடி. 14 ஏ, 2 சி, ஆக 76 புள்ளி, 12 வினாடி. ஹிட் ஃபாக்டர் 6.33. அந்தத் தடங்கல் இல்லாமல் ஒன்பதரை வினாடியில் முடித்திருந்தால் சரியாக 8 வந்திருக்கும். ஒரு டிக் சத்தம் தின்றது அவ்வளவு.

தோட்டாவில் ஏதோ கோளாறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்காவது ஸ்டேஜிலும் முதல் வெடி டிக். ஓடிப்போய்ச் சன்னலோரம் நின்றபோது இன்னொரு டிக். இப்படித் தடங்கலைச் சரிசெய்யும்போது விரல் விசைக்காப்புக்கு வெளியே இருக்க வேண்டும், குழல் பக்கவாட்டில் 90 பாகைக் கோட்டைத் தாண்டக் கூடாது. இரண்டில் எதைத் தவறவிட்டாலும் போட்டியிலிருந்தே வெளியேற்றம். பதற்றத்தில் அதையும் நினைவு வைத்துக்கொண்டு சுட்டதில் மீதி நிதானமும் போயிற்று.

வெளியே வந்ததும் ஆர்.ஓ. (ஸ்டேஜை நடத்தும் ரேஞ்ச் அதிகாரி) என் கைக்கு அந்த வெடிக்காத தோட்டாக்களைக் கொடுத்தார். அக்கா ஒன்றை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ப்ரைமரில், அதாவது தோட்டாவின் அடியில் ஃபயரிங் பின் என்ற ஊசி அடித்து வெடிக்கவைக்கும் மூடியில், மெல்லிய தடம்.

“இது ஃபயரிங் பின் அடிச்சதா, கொசு கடிச்சதா?”

நான் பேசவில்லை.

“எப்போ ஸ்பிரிங் மாத்துன?”

“பத்து நாள் ஆச்சுக்கா.”

“அன்னிக்குக் கேட்டேனே.”

அதற்கு மேல் அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நடந்தது இதுதான். நான் வீட்டில் நிரப்பும் தோட்டாவில் மென்மையான ப்ரைமர். இங்கே வாங்கிய ஆலைத் தோட்டாவில் அதைவிடக் கெட்டியானது. மெலிந்த ஸ்பிரிங் முன்னதை வெடிக்கவைக்கும், பின்னதைச் சில சமயம் தட்டிவிட்டுப் போய்விடும். அதிலும் டபுள் ஆக்‌ஷனில் சுத்தியல் முழுத் தூரம் பின்னால் போவதற்கு முன்பே விடுபட்டுவிடுகிறது. அதனால் முதல் வெடிக்கு அடி இன்னும் சோனி. குரோனோவில் தப்பியது ஸ்லைடை இழுத்துச் சுத்தியலை ஏற்றிவைத்துச் சுட்டதால்தான். பழி தோட்டாமேல் இல்லை. எந்தத் தோட்டாவையும் வெடிக்கவைக்கும்படி செய்து அனுப்பிய துப்பாக்கியை, ஒரே ஒரு தோட்டாவை மட்டும் வெடிக்கவைக்கிற துப்பாக்கியாக மாற்றியவன் நான்.

சரி, ஸ்பிரிங்குக்கு எங்கே போவது? அக்காவின் துப்பாக்கியில் அமைப்பே வேறு, அவளிடம் இருக்கிற உதிரி எனக்கு ஆகாது. எங்கள் குழுவில் வேற்று நாட்டுக்காரர் ஒருவர், நரைத்த தாடி, என்னுடையதைப் போன்றே துப்பாக்கி. இரண்டு நாளாக என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தன் பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தார். மீன்பிடிக்காரர்கள் தூண்டில் முள் வைத்திருப்பார்களே, அது மாதிரி அறை அறையாக. எக்ஸ்ட்ராக்டர் (காலி உறையை இழுத்தெடுக்கும் நகம்), ஸ்லைடு ஸ்டாப், விசை திரும்பும் ஸ்பிரிங், பின்கள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு. ஆலையிலிருந்து வந்த சுத்தியல் ஸ்பிரிங்கை எடுத்து நீட்டினார். அதன் சீட்டில் பென்சிலால் 4,200 என்று எழுதியிருந்தது. அந்த ஸ்பிரிங் இதுவரை சுட்ட வெடிகளின் எண்ணிக்கை.

போட்டியின் நடுவில் நாமாக எதையும் மாற்றிவிட முடியாது. ரேஞ்ச் மாஸ்டரிடம் (தலைமை ரேஞ்ச் அதிகாரி) போய்ச் சொல்லி அனுமதி வாங்கினேன். பிறகு பாதுகாப்புப் பகுதி. துப்பாக்கியைப் பிரிக்க, துடைக்க, பழுது பார்க்க அங்கே உரிமை உண்டு. தோட்டாவைத் தொட மட்டும் கூடாது, பொய்த் தோட்டாகூட. சுத்தியலை இறக்கி, பிடியைக் கழற்றி, அடியிலிருக்கும் அடைப்பை அழுத்திக்கொண்டே பின்னைத் தள்ளினேன். கை நடுங்கியது. ஸ்பிரிங் பறந்து புல்லுக்குள் போயிருந்தால் கதை முடிந்தது.

உண்மையான ப்ரைமரில் சோதித்துப் பார்க்க வழியில்லையே என்று நான் கவலைப்பட, தாடிக்காரர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். ரப்பர் முனை உள்ளே போகும்படி குழலுக்குள் விட்டார். துப்பாக்கியை மண்மேட்டை நோக்கிப் பிடித்து விசையை இழுக்கச் சொன்னார். ஃபயரிங் பின் ரப்பரை அடித்து, பென்சில் துள்ளிப் பறந்து மண்மேட்டில் முட்டி விழுந்தது. மெலிந்த ஸ்பிரிங்கைப் போட்டு மறுபடி செய்து காட்டச் சொன்னாள் அக்கா. எனக்குப் பாடம் நடத்துகிறாள் என்று புரிந்தது. கழற்றி மாட்டினேன். பென்சில் குழலைவிட்டு வெளியே வந்து, பாதி வழியில் சோர்ந்து விழுந்தது. மறுபடி கழற்றி மாட்டினேன். மூன்று முறை பிரித்ததில் நடுக்கமும் போயிருந்தது.

ஐந்தாவது ஸ்டேஜ், 12 வெடி. முதல் இழுவை மூன்றரைக் கிலோ. பத்து நாளில் விரல் அந்தப் பாரத்தை மறந்துவிட்டது. இழுத்த இழுப்பில் குழல் தாழ்ந்து, முதல் குண்டு டி-யில் போய் உட்கார்ந்தது. ஒரே ஒரு புள்ளி. ஆனால் வெடித்தது. பன்னிரண்டும் வெடித்தன.

நாள் 4

காற்றும் புழுதியும். ஐந்து ஸ்டேஜ், 104 வெடி, ஒரு தடங்கலும் இல்லை. அதனால் எழுதவும் அதிகமில்லை.

மேகசின் பற்றி மட்டும் சொல்கிறேன். துப்பாக்கிக்கு வரும் வியாதிகளில் பாதி மேகசினிலிருந்துதான் வருகிறது என்பது என் அபிப்பிராயம். ஓடும்போது உதிர்த்துவிடுகிறோம், மணலில் விழுகிறது, அதையே எடுத்து அடுத்த ஸ்டேஜுக்குச் செருகுகிறோம். என் மேகசின்கள் எல்லாவற்றுக்கும் அடித்தட்டில் எண் உண்டு. 3 இரண்டு முறை சிக்கினால் 3 வீட்டுக்குப் போகும், பயிற்சிக்கு மட்டும். ஒவ்வொரு ஸ்டேஜ் முடிந்ததும் அடித்தட்டைக் கழற்றி, நீளத் தூரிகையை விட்டு ஒரு இழுப்பு. உள்ளே எண்ணெய் விடவே கூடாது. எண்ணெயும் புழுதியும் சேர்ந்தால் சாணைக் களிம்பு. இன்று பக்கத்துக் குழுவில் ஒருவர் மேகசினுக்குள் எண்ணெய் பீய்ச்சுவதைப் பார்த்தேன். போய்ச் சொல்லலாமா என்று நினைத்தேன். நேற்றைக்கு என் நிலைமையை நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

மாலையில் துடைப்பு. போட்டி நடுவில் துப்பாக்கியைக் குளிப்பாட்டாதே என்பது அக்காவின் விதி. குழலுக்குள் இரண்டு இழுப்பு, எக்ஸ்ட்ராக்டர் நகத்தடியில் தேங்கிய கரியைக் குச்சியால் நோண்டுவது, ஸ்லைடு ஓடும் தண்டவாளத்துக்கும் குழலின் வெளிப்புறத்துக்கும் துளி எண்ணெய், அவ்வளவே. பிரித்துப் போட்டால் ஏதாவதொன்றை மறந்து பூட்டுவோம். அவளுக்கோ வேறு வேலை. காம்பன்சேட்டர் மேல்நோக்கிப் புகையைக் கக்க, ரெட் டாட் கண்ணாடியில் கரிப்படலம். ஒவ்வொரு ஸ்டேஜுக்குப் பிறகும் துடைக்கிறாள்.

பிடியின் ஒரு திருகில் கோடு முறிந்திருந்தது. கால் சுற்று. இறுக்கினேன்.

சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் குளிர்ந்த தண்ணீரில் கை கழுவுங்கள். ப்ரைமர் புகையிலும் குண்டிலும் ஈயம் இருக்கிறது. நான்கு பேர் கைகூடக் கழுவாமல் உட்கார்ந்ததைப் பார்த்ததால் எழுதுகிறேன்.

நாள் 5

கடைசி ஐந்து ஸ்டேஜ். கனமான முதல் இழுவை இன்று கைக்கு வந்துவிட்டது. நேற்றிரவு அறையில், வெறுங்கையால், காற்றில் அந்த இழுவையை இழுத்துக்கொண்டே தூங்கிப்போனேன். பார்த்தவர்கள் பைத்தியம் என்றிருப்பார்கள். 32 வெடியின் நீண்ட ஸ்டேஜில் முதல் குண்டு ஏ. கடைசிக் குண்டும் ஏ. நடுவில் இருந்தவற்றைப் பற்றி ஏன் பேசுவானேன்.

பிரிவில் நடுத்தரத்துக்குச் சற்றுக் கீழே முடித்தேன். முதல் நாளின் இரண்டு ஸ்டேஜை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், எத்தனை இடம் மேலே ஏறியிருப்பேன் என்று. அக்கா என் கையிலிருந்த காகிதத்தைப் பிடுங்கிக் கசக்கினாள். அவள் அவளுடைய பிரிவில் பெண்களில் இரண்டாவது.

ஸ்பிரிங்கைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று தாடிக்காரரைத் தேடினேன். பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். இப்போது பிரித்தெடுக்க வேண்டாம், ஊருக்குப் போய் உன்னுடையதைப் போட்டபின் தபாலில் அனுப்பு என்றார். முகவரி எழுதிய சீட்டையும், அந்த 4,200 சீட்டையும் சேர்த்துக் கொடுத்தார். “எண்ணிக்கையை மட்டும் விட்டுவிடாதே.”

நாள் 6

வீடு. இழுப்பறையைத் திறந்தேன். என் பழைய ஸ்பிரிங் ரப்பர் பேண்டுகளுக்கும் காலாவதியான பேட்டரிகளுக்கும் நடுவே கிடந்தது. மாட்டியாயிற்று.

வாங்கிய தோட்டாவில் கடைசியில் ஒப்படைத்த மீதியைக் கழித்து, ஸ்பிரிங் மாற்றியதற்குப் பிறகு சுட்டதைக் கணக்கிட்டேன். 217. உறைக்குள் வைப்பதற்கு முன் அவருடைய சீட்டில், 4,200-க்குக் கீழே, பென்சிலால் 4,417 என்று எழுதினேன்.